சென்னையிலிருந்து வரவேண்டிய ப்ராசஸர்

என் வீட்டுக்காரர் அமீருதீனிடம் தங்கள் கம்ப்யூட்டரைக் காட்டியவர்கள் கொச்சி மட்டாஞ்சேரியில் நூறு பேராவது இருப்பார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு அவர் சொன்ன பதில் ஒன்றுதான்: "இப்போ ஒண்ணும் மாத்தண்டாம்." பழைய கம்ப்யூட்டருக்குப் புது ப்ராசஸர் போட்டுக் கொடுப்பதைத் தொழிலாக வைத்துக்கொண்டு, வருகிறவர்களிடமெல்லாம் புது ப்ராசஸர் வேண்டாம் என்று சொல்கிற ஒரு மனிதரோடு குடும்பம் நடத்துவது எப்படிப்பட்ட காரியம் என்று என்னைத்தான் கேட்க வேண்டும். வாயைக் கட்டி வைத்தால் பிழைத்துக்கொள்வார் என்று நான் அவரிடமே பலமுறை சொல்லியிருக்கிறேன். சிரிப்பார். சிரித்துவிட்டு அடுத்த ஆளிடமும் அதையேதான் சொல்வார்.

நான் பொள்ளாச்சிக்காரி. தொண்ணூற்றொன்றில் கல்யாணமாகி இங்கே வந்தேன். இங்கிலீஷ் டைப்ரைட்டிங்கில் ஹையர் கிரேடு, முதல் வகுப்பு. அந்த சர்டிபிகேட்டைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தவள், பத்துப் பதினோரு வருஷமாகப் பெட்டியிலேயே வைத்திருந்தேன். முதலில் மாமியார் படுக்கையில் கிடந்தார், பிறகு மகள் பிறந்தாள், பிறகு யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை என்று சொல்ல மாட்டேன். கேட்டேன், நாலைந்து இடத்தில். வயதைக் கேட்டுவிட்டு அனுப்பி வைத்தார்கள்.

அமீருதீன் இந்த ஊரிலேயே பிறந்தவர். வீட்டில் பேசுவது தமிழ் என்றாலும் எழுத்தென்றால் மலையாளம்தான் அவருக்குச் சரளம். தமிழில் அவர் எழுதிய ஒரே கடிதம் கல்யாணத்துக்கு முன் எனக்கு எழுதியது. அதில் என் ஊர்ப் பெயரே தப்பு. பள்ளுருத்தியில் ஒரு கடையில் டி.வி. ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஆறு மாதம் தினமும் படகேறி எர்ணாகுளம் போய் கம்ப்யூட்டர் ஹார்டுவேர் படித்தார். தொண்ணூற்றாறிலிருந்து எங்கள் வீட்டு முன்னறைதான் அவருடைய கடை.

அவர் வேலை செய்கிற விதத்தைச் சொல்லாவிட்டால் மற்றது எதுவும் புரியாது. யாராவது வந்து, "மெஷின் ஸ்லோ, ப்ராசஸர் மாத்தணும்" என்றால் மற்ற கடைக்காரர்கள் விலையைச் சொல்வார்கள். இவர், "நாளைக்கு உங்க ஆபீஸுக்கு வரேன்" என்பார். போய், வேலை செய்கிறவர்களுக்குப் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். கையில் ஒரு தீப்பெட்டி இருக்கும். மெஷின் ஆளைக் காக்க வைத்தால் இடது பக்கம் ஒரு குச்சி வைப்பார். ஆள் மெஷினைக் காக்க வைத்தால் வலது பக்கம் ஒரு குச்சி. ஒரு நாள் முழுக்க இப்படி. சாயங்காலம் எந்தப் பக்கம் எத்தனை குச்சி, இடது பக்கக் குச்சிகள் எந்த நேரத்தில் விழுந்தன என்று பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்.

சுள்ளிக்கலில் ஒரு ஸ்டூடியோக்காரர் பென்டியம் ஃபோர் போட்டே தீர வேண்டும் என்று நின்றார். இவர் முப்பத்தொரு குச்சி எடுத்து வைத்துவிட்டு, "உங்க ப்ராசஸர் பாதி நேரம் சும்மா இருக்கு. மெமரி போதலை. இன்னொரு மெமரித் துண்டு போடுங்க, செரியாகும்" என்றார். பென்டியம் ஃபோர் வாங்கப்போவதாக ஸ்டூடியோக்காரர் தன் மச்சானிடம் ஏற்கெனவே பீற்றிக்கொண்டிருந்தார் போல. கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போய்விட்டார். அன்று நான் இவரோடு பேசவில்லை.

இரண்டாயிரத்து இரண்டு, ஜூன் மாதம், மழை பிடித்த வாரம். பஜார் ரோட்டில் மிளகும் சுக்கும் ஏற்றுமதி செய்கிற ஒரு ஆபீஸிலிருந்து ஆள் வந்தது. அந்த ஆபீஸை முதலாளியின் மருமகன் அஜீஷ் ஒரு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வயதுக்காரர், எல்லாமே அன்றைக்கே முடிய வேண்டும் என்கிற ரகம். கடிதம் அடிக்கிற மெஷின் மத்தியானமானால் இழுக்கிறது, ப்ராசஸர் மாற்றினால் போதுமா அல்லது புதிது வாங்க வேண்டுமா என்று வந்து பார்த்துச் சொல்லச் சொல்லி அனுப்பியிருந்தார்.

அந்த மெஷினில் உட்கார்ந்திருந்தவர் கமலாக்ஷி. நாற்பத்தெட்டு வயது. டைப்ரைட்டர் காலத்திலிருந்து பத்தொன்பது வருஷமாக அதே ஆபீஸில் அதே நாற்காலி. எங்களைப் போல வீட்டில் தமிழ் பேசுகிறவர். அவருடைய அப்பா இந்த ஊர் முனிசிபாலிட்டியில் வேலைக்கு வந்து தங்கிவிட்டவர். கணவர் பாலையாவும் கார்ப்பரேஷன் ஹெல்த் பிரிவில்தான் வேலை. எனக்குக் கமலாக்ஷியைப் பார்த்தால் தலையாட்டுகிற அளவு பழக்கம்.

என் வீட்டுக்காரர் இரண்டு நாள் தீப்பெட்டியோடு அந்த ஆபீஸில் போய் உட்கார்ந்தார். மூன்றாம் நாள் ஆட்டோவில் அந்த மெஷினையே பிளாஸ்டிக் கவரில் சுற்றி வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டார்.

"ப்ராசஸர் மாத்தப் போறீங்களா?" என்று கேட்டேன்.

"ஆமா. ஆனா எர்ணாகுளத்தில கிடைக்கிற சாதனம் இல்ல. சென்னையில தேடணும். நாளெடுக்கும். போர்டு ஓரத்தில உப்புக்காத்து ஏறியிருக்கு, அதையும் சுத்தம் பண்ணணும். அதுவரை அவங்க லெட்டரெல்லாம் நீ அடிச்சுக் கொடு."

அல்லாவே, ஒரு வழியாக இந்த மனிதருக்குப் புத்தி வந்தது என்று நினைத்தேன். அதைவிட, 'நீ அடிச்சுக் கொடு' என்றது காதில் தேனாக விழுந்தது. பெட்டியைத் திறந்து சர்டிபிகேட்டை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் எடுத்துப் பார்த்தேன்.

மறுநாளிலிருந்து அந்த ஆபீஸ் பியூன் செல்லப்பா காலை ஒன்பது மணிக்கு அஜீஷின் கையெழுத்தில் கடிதங்களைக் கொண்டு வந்து கொடுப்பார். அடித்து, எங்கள் பிரிண்டரில் எடுத்துக் கவரில் வைப்பேன். இரண்டு மணிக்கு வந்து வாங்கிப் போவதாகத்தான் பேச்சு. நான் பதினொரு மணிக்கே முடித்துவிட்டு ஃபோன் செய்வேன். ஹாம்பர்க்குக்கு ஒரு கடிதம், துபாய்க்கு ஒன்று, கப்பல் ஏஜென்ட்டுக்கு ஒன்று, மும்பைத் தரகருக்கு ஒன்று. பெயர்களை வாசிக்கவே நன்றாக இருக்கும். ஓரம் ஒரு எழுத்து பிசகாது. மத்தியானம் ஃபேக்ஸுக்குப் பதில் என்று இன்னும் நாலு வந்தால் அதையும் மூன்று மணிக்குள் முடித்துவிடுவேன். செல்லப்பா, "இத்தா, நீங்க மெஷினை விட ஸ்பீடு" என்பார். சொல்லிவிட்டு ஆபீஸிலும் போய் அதையே சொல்வார் என்பது எனக்குத் தெரியும். சொல்லட்டும் என்றுதான் இருந்தேன்.

பத்துப் பன்னிரண்டு நாள் இப்படி ஓடியது. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் கடைசிக் கடிதத்தை அடித்து முடித்தபோதுதான் எனக்கு உறைத்தது. நான் அடிப்பது அந்த ஆபீஸின் மெஷினில். எங்களுடைய மெஷினில் இவர் ஏதோ சோதித்துக்கொண்டிருந்ததால், ஆபீஸ் மெஷினையே மேசையில் வைத்து என்னிடம் கொடுத்திருந்தார். மத்தியானமானால் இழுக்கிறது என்று சொல்லப்பட்ட மெஷின் ஒரு நாள்கூட என்னைக் காக்க வைக்கவில்லை.

ஜும்ஆ தொழுதுவிட்டு வந்தவரிடம் சோற்றை வைத்துக்கொண்டே கேட்டேன்.

"இந்த மெஷினுக்கு என்ன கேடு?"

"ஒரு கேடும் இல்ல."

"பின்னே எதுக்குங்க சென்னையிலிருந்து ப்ராசஸர்?"

மீன் முள்ளை எடுப்பதில் மும்முரமாக இருந்தார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஊரெல்லாம் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக் குடும்பத்தைக் காயப்போட்ட மனிதர், கேடில்லாத மெஷினுக்கு ப்ராசஸர் விற்கப் போகிறார் என்றால், ஒன்று அவருக்கு வெட்கம் போய்விட்டது, அல்லது என்னிடம் எதையோ மறைக்கிறார். இரண்டில் எது என்று சொல்லாமல் குழம்பு ஊற்ற மாட்டேன் என்றேன். அதன் பிறகுதான் சொன்னார்.

முதல் நாள் காலையில் இரண்டு பக்கமும் மூன்று நான்கு குச்சிகள்தான் விழுந்திருக்கின்றன. மத்தியானத்துக்கு மேல் வலது பக்கம் மட்டும் குச்சி குவிந்து, பெட்டி காலியாகி, எதிரே சாயாக்கடையில் இன்னொரு பெட்டி வாங்கியிருக்கிறார். குச்சியைத் தான்தான் பக்கம் மாற்றி வைத்துவிட்டோமோ என்று நினைத்து, முதலில் சூட்டைத்தான் சந்தேகப்பட்டார். மிளகுக் குடோனுக்குப் பக்கத்தில் இருக்கிற எந்தக் கம்ப்யூட்டரைத் திறந்தாலும் ப்ராசஸர் மேலே உள்ள ஃபேனில் மிளகுத்தூள் அப்பிக் கிடக்கும். காற்று போகாமல் ப்ராசஸர் கொதிக்கும். மத்தியானத்தில் மெஷின் தடுமாறும். இரண்டாம் நாள் காலையிலேயே தும்மித் தும்மி ஃபேனைத் துடைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். மத்தியானம் அதே கதை. அதுவும் இடது பக்கமில்லை, வலது பக்கம். மெஷின் காத்துக்கொண்டிருந்தது. கமலாக்ஷிதான் தாளைக் கையில் எடுப்பதும், ஜன்னல் பக்கம் சாய்ப்பதும், வைப்பதும், மறுபடி எடுப்பதுமாக இருந்தார். காலையில் அவர் தாளைத் தொடவே இல்லை என்பது அப்போதுதான் இவருக்கு ஞாபகம் வந்தது.

அஜீஷ் சாப்பிடப் போன நேரத்தில் இவர் கேட்டிருக்கிறார். "சேச்சி, கோச்சுக்காதீங்க. மெஷினுக்கு ஒரு கொழப்பமும் இல்ல. காலையில நீங்க பேப்பரைப் பார்க்காமலே அடிக்கிறீங்களே, அது எப்படி?"

கமலாக்ஷி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாராம். "மறுநாளைக்கு உள்ள லெட்டர்ல பாதியை தலேநாள் சாயங்காலமே சார் எழுதிக் கொடுத்துடுவாரு. வீட்டுக்குக் கொண்டு போவேன். மக அம்பிளி வாசிப்பா. நான் கேட்டுக் கேட்டுக் காணாப்பாடம் பண்ணிட்டு வந்து காலையில அடிப்பேன். மத்தியானம் வர்ற லெட்டருக்கு என்ன செய்யறது தம்பி? ரெண்டு கண்ணிலயும் படலம். வலது கண்ணுதான் ரொம்ப மோசம். ஆபரேஷன் பண்ணினா தெளியும்னு டாக்டர் சொல்லிட்டாரு."

"பின்னே பண்ணிக்கலாமே."

"நாலு வாரம் கண்ணுக்கு வேலை கொடுக்கக் கூடாதாம். ஆறு வாரம் கழிச்சுத்தான் கண்ணாடி. ஆறு வாரம் நான் எந்திரிச்சுப் போனா அந்தக் கசேரியில வேற ஆள் இருக்கும். மெஷின் ஸ்லோன்னு நான்தான் சாரிடம் சொல்லி வச்சேன். புது மெஷின் வந்துட்டா அதையும் சொல்ல முடியாது."

அது வெறும் பயமில்லை. முந்தின வருஷம் குடோன் கிளார்க் ஒருவர் ஹெர்னியா ஆபரேஷனுக்கு ஒரு மாதம் லீவு போட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது அவர் மேசையில் வேறொருவர் டிபன் பாக்ஸ் இருந்தது.

அந்த இரண்டாம் நாள் சாயங்காலம் அஜீஷ், "அமீர்க்கா, எந்த ப்ராசஸர்?" என்று கேட்டபோது இவருக்கு மூன்று வழி இருந்தன. புது போர்டும் பென்டியம் ஃபோரும் வாங்கினால் மூன்று நாளில் முடியும். பழைய போர்டையே வைத்துக்கொண்டு ஒரு சின்ன அடாப்டரில் செலரான் ஒன்றைச் செருகினால் மறுநாளே முடியும். வேகம் இரட்டிப்பாகும், செலவும் குறைவு. வேறு யாராக இருந்தாலும் இவர் அதைத்தான் சொல்லியிருப்பார். மூன்றாவது, அந்த போர்டின் புத்தகத்தில் கடைசியாகப் போட்டிருந்த பென்டியம் டூ 333. அப்போதிருந்த 266-க்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. கேசட் மாதிரி செங்குத்தாகச் செருகுகிற அந்த ரகத்தை எல்லாக் கடைகளும் எப்போதோ நிறுத்திவிட்டன. சென்னையில் பழைய சாமான் வியாபாரிகளிடம் சொல்லி வைத்தால் ஒரு மாதமோ ஒன்றரை மாதமோ கழித்துக் கிடைக்கலாம்.

மூன்றில் ஆக மோசமானதை என் வீட்டுக்காரர் தேர்ந்தெடுத்தார். "இந்த போர்டுக்குன்னு எழுதி வச்ச ப்ராசஸர் அதுதான், சென்னையிலிருந்து வரணும்" என்று சொல்லியிருக்கிறார். புது மெஷினைவிட மிகவும் குறைந்த செலவு என்றதும் அஜீஷ் சரி என்றுவிட்டார். அதுவரை கடிதங்களை என் வீட்டில் அடித்துத் தருகிறோம் என்றும் இவர் சொல்லியிருக்கிறார். மெஷின் இல்லாமல் இங்கே உட்கார்ந்து என்ன செய்வீர்கள், வந்ததும் சொல்லி அனுப்புகிறேன் என்று அஜீஷே கமலாக்ஷியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். நாலாம் நாள் அம்பிளி அம்மாவை எர்ணாகுளம் கூட்டிப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். வலது கண்ணில் ஆபரேஷன் முடிந்து எட்டு நாளாகிறது என்றார் இவர்.

எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. "இதை ஏங்க எங்கிட்ட சொல்லலை?"

"அவங்க யாரிடமும் சொல்ல வேண்டாம்னாங்க."

"நான் யாரோவா?"

எனக்கு அப்போது மெதுவாக அடுத்த விஷயம் விளங்கியது. அவருக்கும் விளங்கியிருக்க வேண்டும், கையை இலையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கமலாக்ஷி மத்தியானம் முழுக்க முக்கி முக்கி அடித்த நாலு கடிதத்தை, அதே மெஷினில் நான் முக்கால் மணி நேரத்தில் அடித்து அனுப்பிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு நாளாக. ஒரு முறை மெதுவாகச் செய் என்று சொல்லியிருந்தால் போதும். தீப்பெட்டியை வைத்து ஊர்க்காரர்களின் நொடியையெல்லாம் எண்ணுகிற மனிதருக்குத் தன் பெண்டாட்டியின் வேகத்தைக் கணக்கில் சேர்க்கத் தோன்றவில்லை. ஹையர் கிரேடு முதல் வகுப்பு என்று கல்யாணத்தின்போதே சொன்னோம். கேட்டால்தானே.

திங்கட்கிழமையிலிருந்து மெதுவாக அடிப்பது என்று முடிவு செய்தோம். திங்கட்கிழமை வரை காத்திருக்க அஜீஷுக்குப் பொறுமை இல்லை. சனிக்கிழமை மத்தியானம் மழையில் காரை வாசலில் நிறுத்திவிட்டு அவரே வந்துவிட்டார். இவர் தோப்பும்படிக்கு ஒரு மானிட்டர் பார்க்கப் போயிருந்தார். நான் அஜீஷை உட்கார வைத்து சாயா போட்டுக் கொடுத்தேன்.

அவர் மலையாளத்தில்தான் பேசினார். நல்ல மனிதராகத்தான் பேசினார், அதுதான் கஷ்டமாக இருந்தது. "இத்தா, நேரே விஷயத்துக்கு வரேன். நீங்க அடிச்ச லெட்டரைப் பார்த்து ஹாம்பர்க்காரன் ஃபேக்ஸ்ல கேக்கறான், புது ஸ்டாஃப் வந்திருக்காங்களான்னு. எனக்கு ஒரு சம்சயம். நம்ம மெஷின்தானே இங்கே இருக்கு? அதே மெஷின்ல நீங்க இத்தனை அடிக்கிறீங்கன்னா, குறை மெஷின்ல இல்லியே?"

நான் சாயா டம்ளரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

"கமலாக்ஷி சேச்சிக்கு வயசாச்சு. நான் குறை சொல்லலை, ரொம்ப வருஷம் உழைச்சிருக்காங்க. ஏதாவது கொடுத்து மரியாதையா அனுப்பிடலாம். நீங்க திங்கட்கிழமை வந்து சேருங்க. ஒன்பதரைக்கு வந்தா போதும். இங்கேயிருந்து நடக்கற தூரம்தானே."

நடக்கிற தூரம்தான். பதினோரு வருஷமாக அந்த ஆபீஸ் வாசல் வழியாக மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறேன். உள்ளே மேசை, ஃபேன், ஜன்னல் எல்லாம் ரோட்டிலிருந்தே தெரியும். எனக்கு அந்த வேலை வேண்டும் என்று இருந்தது. மற்றவர்களுக்காக மனசு இரங்குகிற நல்ல பெண் நான் என்று காட்டிக்கொள்ள இதை எழுதவில்லை. அந்த ஒரு நிமிஷம் கமலாக்ஷியின் முகம் எனக்கு ஞாபகமே வரவில்லை. ஒன்பதரை மணிக்கு எந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு போவது என்றுதான் யோசித்தேன். தானாகத் தேடி வந்து கேட்கிறார், வயதைக்கூடக் கேட்கவில்லை. நான் ஒரு பொய்யும் சொல்ல வேண்டியதில்லை, சும்மா தலையாட்டினால் போதும்.

பிறகுதான், கண்ணில் பச்சைத் துணியைக் கட்டிக்கொண்டு, ஆறு வாரத்தை நாள் நாளாகக் கழித்துக்கொண்டு, அம்பிளி கொடுக்கிற கஞ்சியைக் குடித்துக்கொண்டு அந்த மனுஷி படுத்திருப்பது மனசில் வந்தது. என் வீட்டுக்காரரை நம்பிப் படுத்திருந்தார்.

"நான் உங்க மெஷின்ல அடிக்கலை" என்றேன்.

அஜீஷ் மேசையைப் பார்த்தார். அவருடைய மெஷின்தான் அங்கே இருந்தது.

"அது சும்மா இருக்கு. அதில அடிச்சா மத்தியானம் ஆனதும் உறங்கிடும். ரெண்டு நாள் பார்த்துட்டு விட்டுட்டேன். நான் அடிக்கறது இவரோட மெஷின்ல." அந்தப் பக்கம் பெஞ்சில் திறந்து கிடந்த எங்கள் மெஷினைக் காட்டினேன். "அதில இருக்கறது வேற ப்ராசஸர். அதனாலதான் இந்த ஸ்பீடு."

"அது ஏது?"

"பென்டியம் த்ரீ, எண்ணூறு." வாய்க்கு வந்ததைச் சொன்னேன். இத்தனை வருஷம் சோற்றோடு இதைத்தானே கேட்டுக்கொண்டிருந்தேன். "உங்களுக்கும் அதையேதான் சென்னையில சொல்லி வச்சிருக்காரு. அது வந்துட்டா சேச்சியும் இதே ஸ்பீடில அடிப்பாங்க."

அஜீஷ் பாக்கெட்டிலிருந்து சின்ன டைரியை எடுத்து 'பி த்ரீ 800' என்று குறித்துக்கொண்டார். அவர் முகத்தில் இருந்த சந்தேகம் போய்விட்டது. மெஷினைப் பற்றி எதைச் சொன்னாலும் நம்புகிறவர்கள் மனுஷர்களைப் பற்றிச் சொன்னால் அவ்வளவு சீக்கிரம் நம்புவதில்லை, அன்று அது உதவியாக இருந்தது.

"செரி, அப்படின்னாலும் ஒரு ஆள் கூட இருந்தா நல்லதுதான். நீங்க வரீங்களா?"

ஒரு நாற்காலி, ஒரு மெஷின். அடுத்த மாதம் இரண்டு பேரில் ஒருவரைத்தான் வைப்பார், யாரை என்று எனக்குத் தெரியும்.

"எனக்கு வீட்டு வேலையே செரியா இருக்கு" என்றேன்.

அவர் சாயாவைக் குடித்துவிட்டுப் போனார். நான் கதவைச் சாத்திவிட்டு வந்து அழுதேன். கொஞ்ச நேரம் இல்லை, நன்றாகவே அழுதேன்.

சாயங்காலம் வந்த மனிதரிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, "அந்த போர்டில் பென்டியம் த்ரீ எண்ணூறு உக்காராதே" என்றார்.

அன்று எங்கள் வீட்டில் ஒரு ஸ்டீல் டம்ளர் நசுங்கியது. அவர் மேல் எறியவில்லை, சுவரில்தான் எறிந்தேன். எறிந்த பிறகு அவர் டம்ளரை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, வெகுநேரம் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மன்னிச்சுக்க என்று சொல்லத் தெரியாத மனிதர். அடுத்த வாரம் முழுக்க மீனை அவரே கழுவினார்.

உக்காராத ப்ராசஸரைச் சொல்லிவிட்டதால் அதற்கு ஏற்ற போர்டையும் அவர் தேட வேண்டி வந்தது. எர்ணாகுளத்தில் மேனகா பஸ் ஸ்டாப் பக்கம் கடை கடையாக ஏறி இறங்கி, யாரோ கழற்றிக் கொடுத்த போர்டு ஒன்றையும் அந்த ப்ராசஸரையும் கொண்டு வந்து பூட்டினார். சென்னையிலிருந்து எதுவும் வரவில்லை. நான் இரண்டு மணி, மூன்று மணி என்று பார்த்துப் பார்த்து மெதுவாகவே கடிதங்களைக் கொடுத்தேன். பிரிண்டரில் ரிப்பன் இல்லை, கரன்ட் இல்லை, இவரோட மெஷினில் வேற வேலை என்று செல்லப்பாவிடம் தினமும் ஒரு காரணம். நல்ல வேலையைக் கெட்ட வேலையாகச் செய்வது லேசில்லை, கை துடிக்கும். ஒன்பதே முக்காலுக்கு அடித்து முடித்த கடிதத்தை மேசையில் வைத்துக்கொண்டு மத்தியானம் வரை அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

ஆகஸ்ட் மாதம் ஒரு திங்கட்கிழமை மெஷின் ஆபீஸுக்குப் போனது. அதே நாள் கமலாக்ஷியும் தடித்த கண்ணாடியோடு போனார். அந்த வாரம் முழுக்க அஜீஷ் எதிரில் வருகிறவர்களிடமெல்லாம் ப்ராசஸர் மாற்றினால் மத்தியானம்கூட மெஷின் பறக்கும் என்று சொல்லியிருக்கிறார். பஜார் ரோட்டிலிருந்து ஐந்து ஆபீஸ்காரர்கள் வந்து, கமலாக்ஷி சேச்சிக்குப் போட்ட அதே ப்ராசஸர் வேண்டும் என்று கேட்டார்கள். ஐந்து பேருக்கும் இவர் தீப்பெட்டியோடு போய் உட்கார்ந்து, ஐந்து பேருக்கும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார். எனக்கு இந்த முறை கோபம் வரவில்லை.

பத்து நாள் கழித்து கமலாக்ஷி எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பொட்டலம் உண்ணியப்பம். என்னை அவர் முதன்முறையாக நன்றாகப் பார்க்கிறார் என்பது அவர் பார்த்த விதத்திலேயே தெரிந்தது. கன்னத்தைத் தொட்டு, "நீ இவ்வளவு சிவப்பா இருப்பியா, எனக்குத் தெரியாதே" என்றார். இவர் பெஞ்சில் ஒரு போர்டை வைத்துக்கொண்டு ஸ்க்ரூ முறுக்கிக்கொண்டிருந்தார். அஜீஷ் இங்கே வந்தது, கேட்டது எதையும் நாங்கள் கமலாக்ஷியிடம் சொல்லியிருக்கவில்லை.

சாயா குடிக்கும்போது அவர் சொன்னார். "கண்ணாடி போட்டுட்டு ஆபீஸ்ல முதல்ல வாசிச்சது நீ அடிச்ச லெட்டரைத்தான். ஃபைல்ல ஒண்ணொண்ணா எடுத்து வாசிச்சேன். ஒரு தப்பு இல்ல ஷமீனா. பத்தொம்பது வருஷத்தில நான் அப்படி ஒரு லெட்டர் அடிச்சதில்ல. இந்தக் கையை வச்சுக்கிட்டு நீ எதுக்கு வீட்டில இருக்கே? யாராச்சும் கூப்பிட்டா போவியா?"

பெஞ்சில் ஸ்க்ரூ முறுக்குகிற சத்தம் நின்றது. இவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"யாரும் கூப்பிடலியே சேச்சி" என்றேன்.

கமலாக்ஷி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "நான் விட மாட்டேன். எங்க அஜீஷ் சாருக்கு நிறைய இடத்தில ஆளுங்களைத் தெரியும். நாளைக்கே அவரிடம் உனக்காகச் சொல்லிப் பார்க்கறேன்" என்று சொல்லிவிட்டு, குடையை விரித்துக்கொண்டு படியிறங்கினார்.